எழுதிய சொல்லும் எதிர்நிற்கும் வினாவும்

நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிய பின்னர், அத்தீர்ப்புக்கு ஆதாரமாயிருந்த சத்தியக்கடதாசியை மீண்டும் கையிலெடுத்து, அதிலே கையொப்பமிட்டவரை நேரில் அழைத்துக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துவது முறையாகுமா? இவ்வினா சட்டத்தரணிகளுக்கு மட்டுமே உரியதென முதல் நோக்கிலே தோன்றலாம். வணிகப் பிணக்குகளில் எழும் நடைமுறைச் சிக்கல் ஒன்றுக்கு அறவியலிலே என்ன இடம் எனக் கேட்போரும் உளர். எனினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, ஒருவர் தாம் சொன்ன சொல்லுக்கு எவ்வளவு காலம், எந்த அளவுக்குக் கடமைப்பட்டவர் என்னும் பழைய வினாவே இங்குப் புதிய உருவில் நிற்பதைக் காணலாம். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சத்தியக்கடதாசி என்பது யாது? ஒருவர் தாம் அறிந்தவற்றை எழுதி, சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையிலே, அவை உண்மையெனச் சத்தியம் செய்தோ உறுதியுரைத்தோ ஒப்பமிடும் பத்திரம் அது. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889 ஆம் ஆண்டுக்குரியது. அதன் 181 ஆம் பிரிவு, சத்தியக்கடதாசி செய்பவர் தமது சொந்த அறிவாலும் அவதானத்தாலும் சாட்சியமளிக்கக்கூடிய விடயங்களை மட்டுமே அதிலே கூறலாம் என வரையறுக்கின்றது. இடைக்கால விண்ணப்பங்களில் மாத்திரம், தக்க ஆதாரங்களைக் காட்டித் தமது நம்பிக்கையையும் கூற இடமுண்டு. இவ்வரையறையின் உட்பொருளைக் கவனித்தல் வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதை எழுதாதே. நீ கூண்டில் ஏறி நின்றால் எதைச் சொல்லுவாயோ அதை மட்டும் எழுது என்பதே அதன் கருத்து. அதாவது, கடதாசி மனிதருக்குப் பதிலாக நீதிமன்றத்துக்குச் செல்கின்றது. ஆயினும் அந்த மனிதர் வேண்டும்போது வரக்கூடியவர் என்ற எண்ணம் அதனுள்ளே உறைந்திருக்கின்றது.

இவ்வெண்ணத்தை இந்தியச் சட்டம் இன்னும் வெளிப்படையாகக் கூறுகின்றது. 1908 ஆம் ஆண்டின் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19 ஆம் கட்டளை, ஒரு விடயத்தைச் சத்தியக்கடதாசியால் நிரூபிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கின்றது. ஆனால், மறுதரப்பினர் நேர்மையான நோக்கத்தோடு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்பி, அச்சாட்சியும் வரக்கூடியவராயின், அவ்வனுமதியை வழங்கலாகாது எனவும் கூறுகின்றது. 2002 ஜூலை 1 முதல் அங்குச் சாட்சியின் முதல் விசாரணையே சத்தியக்கடதாசி வடிவில் நிகழ்கின்றது. குறுக்கு விசாரணையோ நேரிலேயே நடைபெறுகின்றது. சொல்வதைக் கடதாசி சொல்லலாம். கேள்விக்கு விடையளிக்க மனிதரே வேண்டும்.

கடதாசிக்கு விடையளிக்கும் ஆற்றல் இல்லை என்பதைக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ தமது ‘பீத்ரஸ்’ என்னும் உரையாடலிலே விளக்கியுள்ளார். எழுத்து ஓவியத்தைப் போன்றது. உயிருள்ளது போலத் தோன்றும், ஆனால் எதையேனும் கேட்டால் மௌனம் சாதிக்கும். எத்தனை முறை வினாவினாலும் ஒன்றையே திரும்பச் சொல்லும் என்பது அங்குச் சோக்கிரதீசின் குறைபாடு. தத்துவத்தில் இது எழுத்தின் குறை. நீதிமன்றத்திலோ இது ஒருவரின் வாழ்வை நிலைகுலையச் செய்யும் குறையாகவும் மாறக்கூடும்.

இதனை எடுத்துக்காட்டால் விளக்குதல் நன்று. வவுனியா நகரிலிருந்து பம்பைமடுவில் அமைந்துள்ள பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்லும் மன்னார் வீதியிலே நெளுக்குளம் என்னும் ஊர் உள்ளது. 2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னர் வன்னிப் பெருநிலத்தின் நகரங்களிலே வங்கிகளும் ‘லீசிங்’ கம்பனிகளும் கிளைகளைப் பரப்பின. இடம்பெயர்ந்து மீண்ட மக்கள் கடனைக் கொண்டே தொழிலை மீளத் தொடங்கினர். இவ்வூரிலே சிறிய அரிசி ஆலை ஒன்றை நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். இயந்திரத்துக்காக அவர் ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் பெறுகின்றார். இரு போகம் பிழைத்துவிடத் தவணைகள் தவறுகின்றன. நிறுவனத்தின் அலுவலர் ஒருவர், நிலுவை இவ்வளவு எனக் கணக்கேட்டைப் பார்த்துச் சத்தியக்கடதாசி செய்கின்றார். ஆலைக்காரர் கிளையிலே செலுத்திப் பற்றுச்சீட்டும் பெற்ற இரண்டு தவணைகள் அக்கணக்கிலே வரவு வைக்கப்படவில்லை. நீதிமன்றப் பத்திரங்கள் அவருடைய பழைய முகவரிக்குச் செல்கின்றன. அவர் தோன்றாத நிலையில் தீர்ப்பாணை உறுதியாகின்றது. இயந்திரத்தைக் கைப்பற்றப் பிஸ்கால் வாசலில் வந்து நிற்கும்போதே தமக்கெதிராக வழக்கொன்று இருந்ததை அவர் அறிகின்றார்.

இது வெறுங்கற்பனை மட்டும் அன்று. சட்டத்தின் அமைப்பே இதற்கு இடமளிக்கின்றது. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, கடன் வழங்கும் நிறுவனம் தனது வழக்குரையோடு சத்தியக்கடதாசியையும் இணைத்துத் தாக்கல் செய்ய, எதிராளியைக் கேளாமலே நீதிமன்றம் முதலில் தற்காலிகத் தீர்ப்பாணையை வழங்குகின்றது. எதிராளி தோன்றிக் காரணம் காட்டுவதற்கும் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி, கோரிய பணத்தைக் கட்டினாலோ, பிணை வைத்தாலோ, அல்லது விசாரிக்கத்தக்க பிரச்சினை ஒன்று எதிராளியின் சத்தியக்கடதாசியிலிருந்து எழுகின்றதென நீதிமன்றம் திருப்தியடைந்தாலோ மட்டுமே கிடைக்கின்றது. பொது வழக்குகளிலே நிலைமை சற்று வேறு. ஒருதலையாகத் தீர்ப்பாணை பெறப்பட்டால், அது தம்மிடம் சேர்ப்பிக்கப்பட்ட 14 நாட்களுக்குள் எதிராளி மனுவும் சத்தியக்கடதாசியும் தாக்கல் செய்து, தோன்றாமைக்கு நியாயமான காரணம் இருந்ததெனக் காட்டின், 86 ஆம் பிரிவின்படி தீர்ப்பு நீக்கப்படலாம். அழைப்பாணையை உரியவரிடம் சேர்த்ததாகச் சத்தியம் செய்த சேவகர் அவ்விசாரணையிலே கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுக்க நேர்வதும் உண்டு. தீர்ப்பின் பின் வினா என்பது, ஆகவே, சட்டத்துக்கு அந்நியமான கருத்து அன்று.

ஆனால் நம் எடுத்துக்காட்டு இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆலைக்காரர் இப்போது தாமும் ஒரு சத்தியக்கடதாசி செய்கின்றார். பத்திரங்கள் தமக்குக் கிடைக்கவில்லை என்கின்றார்; அது உண்மை. இரண்டு தவணைகள் செலுத்தியதைச் சொல்கின்றார், அதுவும் உண்மை. இந்த இயந்திரத்தைத் தவிரத் தமக்கு வேறு ஆதனம் எதுவும் இல்லை எனவும் எழுதுகின்றார், அது பொய். மைத்துனரின் களஞ்சியத்திலே மைத்துனர் பெயரில் அடுக்கப்பட்டிருக்கும் நெல் மூடைகள் இவருடையவை. அநீதிக்கு ஆளானவரும் அநீதி செய்யக்கூடும். நம் அனுதாபம் ஆலைக்காரரின் பக்கம் சாய்வது இயல்பு. ஆயினும் அனுதாபத்தைக் கொண்டு சொல்லை அளக்கத் தொடங்கினால் அறவினாவை நாம் கைவிட்டவராவோம்.

இனி எதிர்வாதத்தை நோக்குவோம். அது வலிமை குறைந்ததன்று. வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது உரோமர் காலந்தொட்டு வழங்கும் கொள்கை. தீர்ப்பு முடிவானதாக இருந்தாலன்றிக் கடன் கொடுப்பவர் எவரும் துணிந்து கொடார். கொடுப்பவர் அஞ்சினால் நெளுக்குளத்து ஆலைக்காரர் போன்றோருக்கே முதலில் கதவு சாத்தப்படும். மேலும், தீர்ப்பின் பின்னரும் குறுக்கு விசாரணை கோரலாம் எனின், அக்கோரிக்கை உண்மையைத் தேடுவோரிலும் காலத்தைக் கடத்துவோருக்கே மிகுதியும் பயன்படும். பணமுள்ள கடனாளி ஒவ்வொரு சத்தியக்கடதாசிக்கும் ஒரு விசாரணை கேட்டு ஆண்டுகளைக் கழிப்பான். பணமில்லாதவனுக்குச் சட்டத்தரணியின் முதல் நாட் கட்டணமே பெருஞ்சுமை.

குறுக்கு விசாரணையை ஆதரிப்போர் இதற்கு வழமையாகக் கூறும் விடை, உண்மையைக் கண்டறியும் கருவிகளில் அதுவே தலைசிறந்தது என்பதாகும். அமெரிக்கச் சட்ட அறிஞர் விக்மோர் அவ்வாறே கருதினார். இவ்விடை முழுமையாகப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. நீதிமன்றத்தை வாழ்நாளில் முதன்முறையாகக் காணும் கமக்காரர் உண்மையைச் சொல்லும்போதே நாத்தடுமாறுவார். பழக்கப்பட்ட அலுவலர் தவறான கணக்கைத் தடுமாறாமல் ஒப்புவிப்பார். குறுக்கு விசாரணை பல வேளைகளிலே வெளிப்படுத்துவது நெஞ்சுரத்தையும் நாவன்மையையுமே. உண்மையைக் காட்டும் பொறியென்று மட்டும் அதனை மதிப்பிடின், அதன் மதிப்பு குறைந்தே போகும்.

அப்படியாயின் அதன் அறம் எங்கே உள்ளது? சொன்ன சொல்லுக்குச் சொன்னவர் முன்வந்து நிற்பதிலேதான் என்பது என் கருத்து. சத்தியக்கடதாசி செய்பவர் உலகத்திடமிருந்து ஒன்றைக் கடனாகப் பெறுகின்றார். நான் நேரில் வரவில்லை, ஆயினும் என்னை நம்புங்கள் என்கின்றார், நீதிமன்றமும் நம்புகின்றது, அந்நம்பிக்கையின் பேரில் மற்றொருவரின் இயந்திரமோ காணியோ கைமாறுகின்றது. அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் வழி, கேட்கப்படும்போது வந்து விடையளிப்பதாகும். விடை தடுமாறலாம், தடுமாற்றத்தை மதிப்பிடுவது நீதிபதியின் பணி. ஆனால் வரவே மாட்டேன் எனக் கூற அவருக்கு உரிமையில்லை. பணக்கடனுக்குத் தவணை குறிக்கும் வணிக உலகம் இந்தச் சொற்கடனை மட்டும் தீர்ப்பு நாளோடு தள்ளுபடி செய்துவிட முடியாது. ஏனெனில் தீர்ப்பு அச்சொல்லின் மேலேயே கட்டப்பட்டது. கட்டடம் எழுந்துவிட்டது என்பதற்காக அத்திவாரத்தின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

நம் இலக்கியங்கள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தன. சேக்கிழாரின் பெரியபுராணத்திலே, திருமண நாளில் வந்து சுந்தரரைத் தம் அடிமையென வழக்காடும் முதியவரின் ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படியோலையே என முதியவர் கூற, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் மூலவோலையை வாங்கிப் பார்க்கின்றனர். பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு நோக்குகின்றனர். அதன் பின்னரே முடிவு கூறுகின்றனர். வந்தவர் இறைவன் என்பதைச் சபையார் அறியார். அறியாத நிலையில் அவர்கள் ஓலையை உடன் நம்பவுமில்லை, உடன் தள்ளவுமில்லை. வினா முன்னரே நிகழ்ந்தமையால் தீர்ப்பு நிலைபெற்றது.

சிலப்பதிகாரம் இதற்கு மறுதலை. சிலம்பை விற்க வந்த வணிகன் கோவலன். அவனைக் கள்வன் என்றவன் பொற்கொல்லன். பொற்கொல்லனின் சொல் எவராலும் வினவப்படவில்லை, தண்டனை நிறைவேறியது. அதன் பின்னரே கண்ணகி அரசவைக்கு வருகின்றாள். அரசியின் சிலம்பிலே முத்தும் தன் சிலம்பிலே மாணிக்கமும் இருந்ததை உடைத்துக் காட்டுகின்றாள். தமிழிலக்கியத்திலே தீர்ப்பின் பின் நிகழ்ந்த தலைசிறந்த குறுக்கு விசாரணை இதுவே எனலாம். முடிந்த வழக்கு முடிந்ததே எனப் பாண்டியன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வினாவை அனுமதித்தான், விடை தெரிந்ததும் உயிர் நீத்தான். வினாவை ஏற்றமையே அவன் நீதியை மீட்டது. வினா காலந்தாழ்ந்து வந்தமையே காப்பியத்தின் அவலமாயிற்று.

இவ்விரு கதைகளையும் ஒப்புநோக்கின் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. ஒரு தீர்ப்பின் முடிவுத்தன்மை, அதற்கு ஆதாரமான சொல் முன்னரே வினாவுக்கு எவ்வளவு திறந்திருந்தது என்பதைப் பொறுத்தது. இரு தரப்பினரும் தோன்றி, சாட்சியைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தால், அதன் பின் அதே வினாவை மீண்டும் கேட்க இடமளித்தல் ஆகாது. கேளாதிருந்தது அவர்தம் தெரிவு. வினாவுக்கே வழியின்றிக் கடதாசியின் பேரில் ஒருதலையாக எழுந்த தீர்ப்புக்கு அத்தகைய பாதுகாப்பு உரியதன்று. நெளுக்குளத்து ஆலைக்காரர் தமது பற்றுச்சீட்டுகளைக் காட்டி, கணக்குக்குச் சத்தியம் செய்த அலுவலரைக் கேட்க விரும்பினால், அவ்விருப்பம் நியாயமானதே.

முழு விசாரணை நடந்த வழக்கிற்கும் ஒரு விதிவிலக்குண்டு, அது வஞ்சனை. கடன் கொடுக்கல் வாங்கலிலே வேர்கொண்ட தமிழ்நாட்டு வழக்கொன்று இதற்குச் சான்று. செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகந்நாத் என்னும் அவ்வழக்கிலே, சவுகார் ஒருவருக்காக நீதிமன்ற ஏலத்தில் ஆதனத்தை வாங்கிய எழுத்தர், 1945 ஆம் ஆண்டிலேயே தமது உரிமையைப் பதிவுசெய்த விடுதலைப் பத்திரத்தால் சவுகாருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். பின்னர் அப்பத்திரத்தை மறைத்துப் பிரிவினை வழக்குத் தொடுத்து முதனிலைத் தீர்ப்பாணையும் பெற்றார். இறுதித் தீர்ப்பாணைக் கட்டத்திலே உண்மை வெளிப்பட்டது. வாதி உண்மையான வழக்கோடு வரவேண்டுமென்ற சட்டக்கடமை இல்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1993 ஒக்ரோபர் 27 இல் அதனை மறுத்து, நீதிமன்றத்தை வஞ்சித்துப் பெற்ற தீர்ப்பு தீர்ப்பே அன்று என முடிவு செய்தது. 2019 மார்ச் 20 இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றமும் தக்கார் எதிர் கிரேஸ்பீல்ட் வழக்கிலே, முன்னைய விசாரணையில் போதிய கவனமெடுத்து வஞ்சனையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற காரணத்தால் மட்டும், வஞ்சிக்கப்பட்டவரின் வழியை அடைக்கலாகாது எனத் தீர்மானித்தது.

இனி ஆலைக்காரரின் பக்கம் வருவோம். தமக்கு ஆதனம் இல்லை என்று அவர் எழுதிய சொல் தீர்ப்பின் பின்னர் பிறந்தது. அது முன்னர் எவராலும் வினவப்படாதது. ஆகவே முடிவுத்தன்மை என்னும் கேடயம் அதற்கு இல்லை. நம் சட்டக்கோவையின் 219 ஆம் பிரிவு, தீர்ப்பாணைப்படி பணம் செலுத்த வேண்டியவரை அழைத்து அவர் ஆதனங்கள் பற்றி விசாரிக்க வழிசெய்கின்றது. இந்தியாவிலே 1976 ஆம் ஆண்டின் திருத்தம் ஒருபடி மேலே சென்று, கடனாளி தம் ஆதனங்களைச் சத்தியக்கடதாசியிலே வெளிப்படுத்த வேண்டும் எனவும், அக்கட்டளைக்குக் கீழ்ப்படியாதவரை மூன்று மாதம் வரை குடியியற் சிறையில் வைக்கலாம் எனவும் விதித்தது. அலுவலரைக் கேட்கும் உரிமை ஆலைக்காரருக்கு உண்டெனில், நெல் மூடைகள் எவருடையவை என அவரைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கும் உண்டு. ஒரே அறத்தை இருபுறமும் ஏற்காதவர் அறத்தை அல்ல, தம் பக்கத்தையே நேசிப்பவர்.

எனினும் இருபுறமும் சமமெனக் கூறிவிட்டு அமைதியடைய முடியாது. ஆலைக்காரர் சொல்லும் அவரும் ஒன்றே. அவர் ஓடினால் நெளுக்குளத்திலே தேடிப் பிடிக்கலாம். நிறுவனத்தின் சொல்லோ பதவியின் சொல். ஒப்பமிட்ட அலுவலர் ஆலைக்காரரைக் கண்டதில்லை. இன்று வேறு கிளையிலே இருக்கலாம். அவருடைய சொந்த அறிவு கணினித்திரையில் கண்ட எண்களோடு முடிகின்றது. 2009 ஜூலை 30 இல் மஸ்ரி வழக்கிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபை, பெருந்தொகை செலுத்தக் கட்டளையிடப்பட்ட கம்பனியொன்றின் நாட்டுக்கு வெளியே வாழும் அலுவலரை, ஆதனங்கள் பற்றிய விசாரணைக்கு உள்நாட்டு விதியின் கீழ் அழைக்க முடியாதெனக் கூறியது. சட்டத்தின் எல்லையென்ற வகையிலே அது சரியான முடிவாகலாம். ஆனால் அறவினா அப்படியே எஞ்சி நிற்கின்றது. ஆயிரம் கைகளால் வாங்கும் கம்பனிக்கு விடையளிக்க ஒரு முகமேனும் இல்லையெனின், அதன் சத்தியம் யாருடைய சத்தியம்? கம்பனியின் பெயரால் ஒருவர் உறுதியுரைக்கும்போது, அதற்காக என்றும் விடையளிக்கக்கூடிய ஒருவரை அக்கம்பனி நிறுத்துதல் வேண்டும். இயலாதெனின் அது சத்தியக்கடதாசியின் சலுகையைக் கோரலாகாது.

காலங்கடத்தும் அச்சத்துக்கும் விடை உண்டு. தீர்ப்பின் பின் குறுக்கு விசாரணை நீதிமன்றத்தின் கட்டளையாலேயே நிகழ்தல் வேண்டும். கேட்டவுடன் கிடைக்கும் உரிமையாக இருத்தலாகாது. கோருபவர் இன்ன வாக்கியம் பொய், அதற்கு என்னிடமுள்ள ஆதாரம் இது எனச் சுட்டிக் காட்டுதல் வேண்டும். ஆலைக்காரரிடம் பற்றுச்சீட்டுகள் உள்ளன. நிறுவனத்திடம் களஞ்சியத்து நெல்லைக் கண்டவர் இருக்கலாம். வினா அவ்வாக்கியத்தோடு நின்றுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது கைப்பற்றலுக்கு முன்னர் நிகழ்தல் வேண்டும். இயந்திரம் ஏலம்போன பின் கிடைக்கும் நீதி, கோவலன் வெட்டுண்ட பின் உடைந்த சிலம்பின் நீதியை ஒத்தது.

கடதாசியிலே ஒப்பமிடுவது இன்று மிக எளிதாகிவிட்டது. வதிவிடத்துக்கு, பெயர் வேறுபாட்டுக்கு, காணிக்கு எனப் பலமுறை சமாதான நீதவானின் மேசைமுன் நாம் நின்றிருப்போம். அங்கே எழுதப்பட்டதை முழுவதும் வாசித்து ஒப்பமிட்டவர் நம்மில் எத்தனை பேர்? நாளை ஒருவர் எதிரே வந்து, இதை எப்படி அறிந்தீர் எனக் கேட்பார் என்ற எண்ணம் பேனாவை எடுக்கும் கணத்திலே நமக்கு இருந்ததா? இருந்திருப்பின், பெரும்பாலான குறுக்கு விசாரணைகளுக்குத் தேவையே எழாது. நெளுக்குளத்து ஆலைக்காரர் நெல் மூடைகளை மறைத்திரார். கணக்கேட்டைப் பார்த்த அலுவலர், ஒப்பமிடுமுன் கிளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்திருப்பார். நீதிமன்றம் தீர்ப்பின் பின்னரும் வினாவுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது, எழுதும் கையை எழுதும் வேளையிலேயே எச்சரித்து நிறுத்துவதற்காகவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.